பச்சைப் பெட்டியின் முள்

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். மொட்டை மாடித் தகர ஷெட்டில் விழுகிற ஒவ்வொரு சொட்டும் கீழே மைக்கில் வந்து உட்காரும். ரெக்கார்டிங் இன்று இல்லை.

வாங்க வேண்டியவை: மைக் ஒயர் இரண்டு. ஈய ஒயர். எறும்புப் பொடி (கேபிள் பெட்டிக்குள் புற்றே வைத்துவிட்டன). கிரேஸுக்கு மிளகு, பனங்கற்கண்டு.

பூந்தமல்லி சர்ச்சுக்குக் கிறிஸ்துமஸ் ஆல்பம். ஐந்து பாட்டு, எல்லாம் கிரேஸ் குரல். முதல் பாட்டை மிக்ஸ் பண்ணி அனுப்பி ஒரு வாரம் ஆகிறது. கமிட்டிச் செயலாளர் ஜெபராஜிடமிருந்து மூச்சு இல்லை. காலை வணக்கம் படம் மட்டும் தவறாமல் வருகிறது, ரோஜாப்பூவோடு.

கிரேஸ் வர வர எதற்கெடுத்தாலும் கத்துகிறாள். "டிபன் எடுத்து வெச்சிருக்கேன்" என்பதற்கே கள்ளிக்குப்பம் முழுக்கக் கேட்கும் சத்தம். கல்யாணமான புதிதில் இவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க நான் பக்கத்தில் போய் நிற்பேன். பாடுகிறவள் தொண்டையை இப்படியா வைத்துக்கொள்வாள்? ஒரே கரகரப்பு. சொன்னேன். முறைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டாள். நல்லது சொன்னால் பொல்லாப்பு.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ஜெபராஜ் நேரிலேயே வந்துவிட்டார். சொட்டச் சொட்டக் குடையை ஸ்டுடியோ கார்ப்பெட்டில் விரித்து வைத்தார். சர்ச் ஆளாயிற்றே என்று பல்லைக் கடித்தேன்.

"பிரதர், தப்பா எடுத்துக்காதீங்க. சிஸ்டர் ஆராதனைல பாடினா மனசு உருகுது. நீங்க அனுப்பினதுல கேட்டா யாரோ கழுத்தப் புடிச்சிட்டுப் பாட வெக்கற மாதிரி இருக்கு. 'ஸ' வர்ற எடமெல்லாம் காதக் குத்துது."

காதைக் குத்துகிறதாம். பெயிண்ட் கடை வைத்திருப்பவருக்குக் காது குத்துகிறது.

பச்சைப் பெட்டியைக் காட்டிப் பொறுமையாகத்தான் விளக்கினேன். "பாடறவங்க ஒரு வரிய அடிவயித்துலேந்து எடுப்பாங்க, அடுத்த வரிய முணுமுணுப்பாங்க. இது கம்ப்ரஸர். பெரிய சத்தத்தப் புடிச்சு அமுக்கும். அப்புறம் மொத்தத்தையும் தூக்கி விட்டா முணுமுணுப்பும் மேல வந்துடும். எவ்வளவு வேகமா புடிக்கணும், எவ்வளவு வேகமா விடணும்ங்கறதுதான் வேலையே. அது காதுக்குத்தான் தெரியும்."

செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு: "எங்க தம்பி பையன் லேப்டாப்லயே பண்றான் பிரதர். அதுலயும் இந்த மாதிரி பொட்டி படம் வருது."

படம் வருது. அதுதான். பெட்டியின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் போட்டு, படத்தில் இருக்கிற குமிழை மவுஸால் திருப்புகிறார்கள். பிரியாணி போட்டோவை நக்குகிற கூட்டம். இந்தப் பெட்டிக்குள் இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர் ஒவ்வொரு சுற்றும் கையால் சுற்றியது. முன்தகடு மண்ணூர்பேட்டைப் பட்டறையில் வெட்டியது. இது மாதிரி இன்னொன்று எங்கேயும் கிடையாது. சுற்றியவன் முரளி, என் பள்ளிக்கூடக் கூட்டாளி, யு.பி.எஸ். ரிப்பேர் கடைக்காரன். எப்படி ஒலிக்க வேண்டும் என்று சொன்னது நான். என் காதுக்காகத் தைத்த சட்டை.

பேசிக்கொண்டிருக்கும்போதே மு. வந்தான். ஜெபராஜைக் கேட் வரை கொண்டுபோய் விட்டான். தூறலில் நின்று இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். என்னடா என்றேன். "ஒண்ணியும் இல்ல மச்சான், அவரு ஊட்ல யு.பி.எஸ். ஓடலியாம்."

முதல் பாட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஒரு குறையும் இல்லை. இன்னும் கொஞ்சம் அமுக்கலாம் என்றுதான் தோன்றியது.

நவம்பர் 8, சனி

வானம் வெளுத்திருந்தது. ரெக்கார்டிங். இரண்டாவது, மூன்றாவது பாட்டு.

கிரேஸ் உள்ளறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். நான் வெளியே, பெட்டி முன்னால். மு. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஒத்தாசைக்கு வந்திருந்தான். மைக்கிலிருந்து வரும் குரல் பெட்டிக்குள் புகுந்து அமுங்கித்தான் கம்ப்யூட்டருக்குப் போகும். நான் குமிழைத் திருப்பத் திருப்ப, பெட்டியின் மீட்டர் முள் அவள் குரலுக்குத் தகுந்தாற்போல் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. என்ன ஒரு கனம். பிடியைக் கொஞ்சம் தாமதமாக்கியதும் ஒவ்வொரு சொல்லின் தலையும் எழும்பி நின்றது. மு.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப கேளு. இப்ப பாரு வித்தியாசத்த."

"சூப்பர் மச்சான்" என்றான். கிரேஸும் கண்ணாடி வழியாகக் கட்டைவிரலைத் தூக்கினாள்.

நடுவில் மோட்டார் நிறுத்தக் கீழே போக வேண்டியிருந்தது, டேங்க் வழிந்துகொண்டிருந்தது. ரெக்கார்டிங்கை நிறுத்தவில்லை. எப்போதுமே நிறுத்த மாட்டேன். நல்ல டேக் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அதற்கு என்னைக் கிண்டல் பண்ணாதவன் கிடையாது.

மதியம் வஞ்சிரம் குழம்பு. மு. மூன்று தடவை போட்டுக்கொண்டான். நல்ல நாள்.

நவம்பர் 10, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

காலை, அடை மழை. கிரேஸ் ஆபீஸ் போய்விட்டாள். இரண்டாவது பாட்டின் சரணத்துக்கு முன்னால் அவள் எடுத்த மூச்சு இருமலோடு விழுந்திருந்தது. வேறு நல்ல மூச்சு ஒன்று வேண்டும். டேக்குகளுக்கு நடுவே பாடாமல் நிற்கிற இடங்களைத் தேடினேன். வழக்கமாக அந்த இடங்களை வெட்டி எறிந்துவிடுவேன். இன்றைக்கு ஹெட்போன் மாட்டி, பெட்டி வழியாக அனுப்பி, முள் மூலையில் போய் முட்டுகிற அளவுக்கு அமுக்கித் தூக்கினேன். சின்னச் சத்தமெல்லாம் மேலே வரட்டும் என்று.

வந்தது. நான் மோட்டார் நிறுத்தப் போன நேரம். மு. மைக்கை நகர்த்த உள்ளறைக்குள் போயிருக்கிறான். தணிந்த பேச்சு.

கிரேஸ்: "அவருக்குத் தெரிஞ்சிடப் போவுதுண்ணா."

மு.: "அதெல்லாம் தெரியாது தங்கச்சி. பொட்டி ஓடவே இல்ல. பின்னால பைபாஸ் போட்டு வச்சிகீறேன். முள்ளு ஆடிகினே இருக்கும், அத்த பாத்துகினு அவன் பாட்டுக்குத் திருப்பிகினு இருப்பான்."

கிரேஸ்: "நல்லா இருக்குன்னு சொல்லிடுங்க. பார்த்துப் பார்த்துக் கேப்பாரு."

மு.: "காது போச்சுன்னு அவன்கிட்ட யாரு சொல்றது? நீ சொல்றியா?"

பிறகு நான் படியேறி வருகிற சத்தம். பிறகு நான்: "ம், போலாமா?" எவ்வளவு உற்சாகம் என் குரலில்.

பைபாஸ் என்பது பெட்டியின் பின்பக்கம் இருக்கிற சின்ன சுவிட்ச். தட்டினால் குரல் பெட்டிக்குள் நுழையாமல் ஓரமாகப் போய்விடும். முள் மட்டும் ஆடும். அப்படி ஆட வேண்டும் என்று கேட்டு வாங்கியவனே நான்தான். போடாமலே எவ்வளவு அமுங்கும் என்று பார்த்துக்கொள்ள வசதி என்று. இப்போது அது பழைய இடத்தில்தான் இருக்கிறது; சனிக்கிழமை போகும்போதே திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

அப்படியானால் சனிக்கிழமை நான் கேட்ட கனம் எங்கேயிருந்து வந்தது?

மத்தியானச் சாப்பாடு அப்படியே இருக்கிறது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. நாசமாய்ப் போகிற மழை.

நானே சோதித்தேன். கையைப் பின்னால் விட்டு அந்த சுவிட்சை இப்படியும் அப்படியும் கணக்கில்லாமல் தட்டுவது. கண்ணை மூடிக்கொண்டு கிரேஸ் குரலைக் கேட்பது. ஓடுகிறது, ஓடவில்லை என்று சொல்வது. பிறகு எட்டிப் பார்ப்பது.

பாதி சரி, பாதி தப்பு. காசு சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

முள்ளைப் பார்த்துக்கொண்டு கேட்டால் எல்லாம் கேட்கிறது. கனம், இழைவு, சொல்லின் தலை, வால் எல்லாமே. கண்ணை மூடினால் ஒன்றும் இல்லை. இத்தனை நாள் கண்ணால் மிக்ஸ் பண்ணியிருக்கிறேன்.

மெல்லிய சத்தங்கள் எனக்குக் கேட்காததால்தான் அமுக்கி அமுக்கித் தூக்கியிருக்கிறேன் போல. 'ஸ' கேட்காததால் கூர்மையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். பெயிண்ட் கடைக்காரர் சொன்னது சரி.

கிரேஸ் வந்ததும் "என்னங்க, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள். தலைவலி என்றேன். தைலம் எடுத்து வந்தாள். தேய்க்க விடவில்லை. நடிக்கிற கை எனக்கு வேண்டாம்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

மு.வை வரச் சொன்னேன். அவன் வருவதற்கு முன்னால் நானே பைபாஸைப் போட்டு வைத்தேன். பாட்டு ஓடுகிறது, முள் அழகாக ஆடுகிறது. நான் குமிழில் கை வைத்தபடி, ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

கையில் டீ கிளாஸோடு கதவைத் திறந்தான். ஒரு காலைத்தான் உள்ளே வைத்திருப்பான். "இன்னா மச்சான், பொட்டி ஓடல?"

கதவருகிலேயே தெரிந்துவிட்டது அவனுக்கு. டீயை ஊதிக்கொண்டே. எனக்கு அழுகையும் வந்தது, அறையவும் தோன்றியது.

"சனிக்கிழமையும் ஓடலையாடா?" என்றேன்.

டீ கிளாஸை வைக்க இடம் தேடினான். எனக்கு முகத்தைக் காட்டாமல் இருக்கத்தான்.

"யாரு சொன்னது?"

"நீதான். மைக் முன்னாடி நின்னு சொன்னே. நான் ரெக்கார்ட நிறுத்த மாட்டேன்னு தெரியாது உனக்கு?"

ஸ்டூலில் உட்கார்ந்தான். "மறந்துட்டேன் மச்சான்."

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"இந்தத் தபாதான். அம்மா சத்தியமா. ஜெபராஜ் ஆல்பத்த வேற எடத்துக்கு எடுத்துகினு போறேன்னு கேட் ஆண்ட நின்னு ஒரே பேச்சு. நீ அமுக்கின அமுக்குல தங்கச்சி கொரலு செத்துப் பூடுச்சுடா. கெஞ்சி ரெண்டு பாட்டு டைம் வாங்கினேன். ரெக்கார்டுலயே அமுக்கிட்டன்னா அப்புறம் திரும்ப எடுக்க முடியாதுல்ல, அதான்."

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா? எங்கிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"இன்னான்னு சொல்றது? வாயத் தொறந்தா என் காதுக்குத் தெரியும், என் காதுக்குத் தெரியும்ன்ற. உங்கிட்ட போயி காதப் பத்திப் பேச முடியுமா?"

நான் சொன்னதையெல்லாம் எழுதப் போவதில்லை. முதுகில் குத்தியவன் என்றேன். என் வீட்டு வஞ்சிரத்தைத் தின்றுவிட்டு என்றும் சொன்னேன். அதை மட்டும் சொல்லியிருக்க வேண்டாம்.

கடைசியில், சரி, நீயே மிக்ஸ் பண்ணித் தொலை என்றேன். "காது எனக்குக் கீது மச்சான், கை இல்ல" என்றான். "கெட்டுப் பூட்டா தெரியும். எங்க புடிக்கணும், எப்ப உடணும், அதெல்லாம் உனக்குத்தான் தெரியும்."

ஆறுதலுக்குச் சொன்னானா, உண்மையா? இனி யார் எதைச் சொன்னாலும் இந்தக் கேள்விதான்.

நவம்பர் 13, வியாழன்

மு. போன் பண்ணிச் சொல்லியிருப்பான். கிரேஸ் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டாள். காலையிலேயே ஆரம்பித்தது.

"எப்பலேந்து தெரியும்?"

"போன கிறிஸ்துமஸ்லேந்து." அதே பெரிய குரல். "குக்கர் விசில் அடிக்குது, பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. காலிங் பெல்லு, செல்போன் அலாரம், ஒண்ணும் கேக்கல. நான் பின்னாடிலேந்து கூப்பிட்டா திரும்பறது இல்ல. மொதல்ல வேணும்னு பண்றீங்கன்னு நெனச்சேன். ரெண்டு மாசம் அழுதிருக்கேன் தெரியுமா?"

"அதுக்குத்தான் இந்தக் கத்தலா?"

கேட்டிருக்கக் கூடாது.

"ஆமாங்க! கத்தினாத்தான் கேக்குது உங்களுக்கு! ஒரு வருஷமா கத்தறேன். காலைல கத்திட்டு ஆபீஸ் போயி, வந்து கத்தி, ஞாயித்துக்கிழம பாடப் போனா மேல் ஸ்தாயி வரல. பாட்டு மாஸ்டர் என்னை ரெண்டாவது வரிசைல நிக்கச் சொல்லிட்டாரு. உங்ககிட்ட சொன்னேனா? தொண்டைய ஏன் கெடுத்துக்கறேன்னு நீங்க எனக்குப் பாடம் எடுக்கறீங்க!"

சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் விழுந்தது. அது கேட்டது.

பாடுகிறவளின் தொண்டை என்னிடம் பேசியே போயிருக்கிறது. நான் அவளுக்குப் பனங்கற்கண்டு வாங்கிக் கொடுத்து நல்ல புருஷன் வேடம் கட்டியிருக்கிறேன். தூ.

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. மாடிக்குப் போய்க் கேபிள்களைச் சுற்றினேன். ஏற்கெனவே சுற்றி வைத்ததை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினேன்.

பிற்பகல் அவளே வந்து கதவருகே நின்றாள். "ஆவடில ஒரு டாக்டர் இருக்காரு. செவ்வாய்க்கிழம கூட்டிட்டுப் போறேன்." நான் தலையாட்டினேன். பேசியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

நவம்பர் 15, சனி

வெயில், நடுவில் ஒரு பாட்டம் மழை. மு. வந்தான். கூப்பிடவில்லை, வந்தான். வஞ்சிரம் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

இரண்டு பாட்டின் மிக்ஸும் இப்படி நடந்தது: மீட்டர் கண்ணாடியின் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கர் ஒட்டினேன், முள் என் கண்ணில் படாதபடி. நான் குமிழைத் திருப்ப வேண்டியது. அவன் "போதும்" என்றால் நிறுத்த வேண்டியது. "ஓவரா பூடுச்சு, கீழ வா." வருவேன். "ஆங், அங்கியே நில்லு." நிற்பேன். ரிவர்ஸ் எடுக்கிற லாரிக்குக் கிளீனர் கத்துகிற மாதிரி. எவ்வளவு வருஷத் தொழில்.

அவன் நிறுத்தச் சொன்ன இடங்களில் பெட்டி பெரும்பாலும் வேலையே செய்யவில்லை என்று நினைக்கிறேன். லேசாகத் தொட்டுவிட்டு விடுகிறது. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது அவள் குரலுக்கு.

கிரேஸ் கீழே நான்காவது பாட்டைத் தனியாகப் பாடிப் பார்ப்பதாக மு. சொன்னான். "நல்லா வருது மச்சான் மேல் ஸ்தாயி." எனக்கு ஃபேன் சத்தம்தான் கேட்டது.

நவம்பர் 17, திங்கள்

ஜெபராஜ் போன், அனுப்பிய இரண்டு பாட்டையும் கேட்டுவிட்டு. போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதோடு ஒட்டிக்கொண்டேன்.

"பிரதர்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! சிஸ்டர் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கு. கமிட்டில எல்லாருக்கும் கண்ணுல தண்ணி. அந்தப் பச்சப் பொட்டி வேலதான இது? நான்தான் புரியாம பேசிட்டேன்."

மு. பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். பெட்டி பாதி நேரம் சும்மா இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமா பிரதர்" என்றேன். மீதி இரண்டு பாட்டும் எனக்கே. அடுத்த ஈஸ்டருக்கும் நானே பண்ண வேண்டுமாம்.

கிரேஸிடம் சொன்னேன். "சந்தோஷம்தானே?" என்றாள். சந்தோஷமாம்.

நவம்பர் 18, செவ்வாய்

ஆவடி. டாக்டர். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். நான் உள்ளறையில், மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி வழியாக கிரேஸ் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது.

வரைபடம் கொடுத்தார்கள். இடது பக்கம் சமதளம், வலது பக்கம் சரிவு, இரண்டு காதுக்கும். உச்ச ஒலிகள் போனது போனதுதான், திரும்பாது என்றார். மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு புரியும். பாட்டு? "பழகிக்கலாம்" என்றார், பேனாவை மூடியபடி.

வருகிற வழியில் ஆட்டோவில் கிரேஸ் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் கத்த வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

பளிச்சென்று வெயில். ஈரத்துணி எல்லாம் காய்ந்தது.

மறுபடி ஆவடி, காது மெஷின் பொருத்துகிற இடம். சின்னப் பெண், இருபத்தைந்து இருக்கும். மரியாதையாகப் பேசினாள்.

"இது எப்படின்னா சார், சின்ன சத்தத்தத் தூக்கிக் குடுக்கும். பெரிய சத்தம் வந்தா அமுக்கிடும். இதுக்குக் கம்ப்ரஷன்னு பேரு."

கிரேஸ் என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த காது படத்தையே பார்த்தாள்.

"தெரியும்மா" என்றேன். "எவ்வளவு வேகமா புடிக்கணும், எவ்வளவு வேகமா விடணும், அதெல்லாம் நான் மாத்திக்கலாமா?"

"அதெல்லாம் கம்பெனிலயே செட் பண்ணி வந்துடும் சார். நீங்க எதையும் திருப்ப வேணாம்." கம்ப்யூட்டரில் மெஷினின் படம் வந்தது. மவுஸால் எதையோ இழுத்தாள்.

இரண்டு காதிலும் மாட்டினாள். முதலில் ஒரு சீறல். பிறகு ஃபேன். அது இவ்வளவு அசிங்கமாகச் சுற்றும் என்று தெரியாது. கிரேஸ் மடியில் வைத்திருந்த கவர் கசங்கியது. அவள் மூச்சு விடுவது, கரகரவென்று. விசைப்பலகையில் அந்தப் பெண்ணின் நகம்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் கிரேஸ். பெரிய குரல், தகரத்தில் அடித்த மாதிரி.

"கத்தாதே" என்றேன். வழக்கமான எரிச்சலில் வந்துவிட்டது. அவள் உடனே குரலைத் தாழ்த்தி "சரி" என்றாள். அந்தச் "சரி"யையும் கேட்டேன்.

அந்தப் பெண் விவரம் நிரப்ப ஆரம்பித்தாள். பெயர், வயது, கள்ளிக்குப்பம் விலாசம். "என்ன வேலை பண்றீங்க சார்?"

கிரேஸ் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "சவுண்ட் இன்ஜினியர். பாட்டு மிக்ஸிங்."

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. குனிந்த தலை நிமிராமலே, உதட்டுக்குள், "ஐயோ" என்றாள்.

நன்றாகக் கேட்டது.